ஓர்வின் பிரபு என்ன முறை?

ஜூலை 4, வெள்ளி

‘கடற்பருந்து வம்சம்: முதல் தலைமுறை’ இன்று வெளியானது. ஆறு பருவங்கள் ஓடி முடிந்த வெளிநாட்டுத் தொடருக்கு முந்தைய கதை. அந்த அரச குடும்பத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் என்ன நடந்தது என்பதை எட்டுப் பகுதிகளில், வெள்ளிக்கு ஒன்றாகச் சொல்லப் போகிறார்கள். ஆறு பருவங்களின் தமிழ் டப்பிங்குக்கும் வசனம் எழுதியவன் நான். இதற்கும் நான்தான். கடைசியில் பல மொழிக்காரர்களுக்கு நடுவே என் பெயர் ஒரு வினாடி வரும். அந்த வினாடியில் நிறுத்தி என் மனைவி பூங்கொடி ஒருமுறை படம் எடுத்து வைத்தாள். படத்தில் விழுந்திருப்பது போலந்து மொழிக்காரரின் பெயர்.

மகள் சிந்துஜாவிடமிருந்து செய்தி. பதினான்கு மாதங்களில் முதல் செய்தி. கோவைப் பதிவாளர் அலுவலகத்தில் அவளுக்கும் பிரகதீஷுக்கும் திருமண அறிவிப்பு ஒட்டிவிட்டார்களாம். ஆகஸ்ட் 6, காலை பத்தரைக்குப் பதிவு. ஆடி மாதத்தில் அலுவலகம் காலியாக இருக்கும் என்று காரணமும் எழுதியிருக்கிறாள். ‘நீங்க வரோணுமுங்கப்பா’ என்று முடித்திருக்கிறாள்.

பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் குலதெய்வம்தான் அவனுக்கும் குலதெய்வம், அவ்வளவுதான். அப்படியானால் பங்காளி. முறைப்படி அவள் அவனுக்குத் தங்கை, நான் அவனுக்குச் சித்தப்பா. பதினான்கு மாதங்களுக்கு முன் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னேன். சுருக்கமாகச் சொல்வது என் தொழில். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் சட்டப்படியான காரணத்தோடு தெரிவிக்கலாமாம். சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். குலதெய்வத்துக்கு இடம் ஒதுக்கவில்லை.

பதில் எழுதவில்லை. போனில் சார்ஜ் குறைவாக இருந்தது.

ஜூலை 5, சனி

போன் சார்ஜ் ஆகிவிட்டது. முதல் பகுதிக்கு நல்ல வரவேற்பு.

ஜூலை 8, செவ்வாய்

வசனம் எழுத நான்காம் பகுதி வந்தது. கதை வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதால் எங்களுக்கு அனுப்பும் படம் முழுக்கக் கறுப்பாக இருக்கும். பேசுகிறவரின் வாய் மட்டும் சிறு வட்டத்துக்குள் தெரியும். எட்டு ஆண்டுகளாக அந்த வம்சத்தை வாய்களாகவே அறிவேன். யார் மேலுதட்டில் தழும்பு, யாருக்குக் கடைவாய்ப்பல் இல்லை என்பது தெரியும். யாருடைய மூக்கும் தெரியாது.

இன்று இரண்டு வாய்கள். ஒன்று எல்வாரா ராணி, பிரசவ வலியில். மற்றது மருத்துவச்சி. முதல் குழந்தைக்குத் தாரென் என்று ராணி பெயர் வைக்கிறாள். இன்னொன்றும் இருக்கிறது என்கிறாள் மருத்துவச்சி. அதற்கு ஓர்வின் என்று பெயர் வைக்கிறாள். குழந்தைகளுக்கும் வட்டம் போட்டிருந்தார்கள், வசனம் இல்லாவிட்டாலும்.

நான் எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதே ராணி, அதே பெயர்கள், ஒரே பிரசவம்.

விஷயத்தை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். பின்னால் விசாரணை என்று வந்தால் உதவும். முதல் தொடரின் முதல் பகுதியில், தகப்பனை இழந்த கேலன் என்கிற பையன் ஓர்வின் பிரபுவின் கோட்டைக்கு வந்து அவரை உறவு சொல்லி அழைக்கிறான். மூலத்தில் இருந்த சொல் அப்பாவின் தம்பிக்கும் அம்மாவின் அண்ணனுக்கும் அத்தையின் கணவருக்கும் பொதுவானது. அந்த நாட்டில் ஒரே சொல்லில் அத்தனை பேரையும் சமாளித்துவிடுகிறார்கள். கையில் அந்த ஒரு பகுதியின் வசனம் மட்டும்தான் இருந்தது. பையனின் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. ‘சித்தப்பா’வுக்கு மூன்று முறை வேண்டும். ‘மாமா’ என்று எழுதினேன். கச்சிதமாகப் பொருந்தியது.

மூன்றாம் பருவத்தில் ஓர்வினின் மகள் மிரியாவைக் கேலன் காதலித்தான். நான்காம் பருவத்தில் மணந்தான். மற்ற நாடுகளில் முகம் சுளித்தார்கள், இரத்த உறவில் திருமணமா என்று. தமிழ்நாட்டில் மாமன் மகளைக் கட்டியதற்கு யார் முகம் சுளிப்பது? தலைமைப் பூசாரி எதற்காகத் திருமணத்தைத் தடுக்கிறார் என்பதுதான் இங்கே புரியாத விஷயமாக இருந்திருக்கும். அதனால் நட்சத்திரப் பொருத்தம் இல்லை என்று அவரைச் சொல்ல வைத்தேன். ‘நீ முறைப்பெண் என்பதற்காக அல்ல, மிரியா, மனதாரக் கேட்கிறேன்’ என்று கேலனுக்கு நான் எழுதிய வசனத்தை எத்தனையோ பேர் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தார்கள். தூத்துக்குடியிலிருந்து ஒருவர் மட்டும், மாமனும் மருமகனும் எப்படி ஒரே குலக்கொடியைப் பிடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்குப் பதில் போடவில்லை.

இப்போது தாரெனும் ஓர்வினும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாரென் மகன் கேலன். ஓர்வின் மகள் மிரியா.

அண்ணன், தங்கை.

ஜூலை 9, புதன்

ஒலிப்பதிவுக்கூட நிர்வாகி ஷெரின் பெனடிக்டாவிடம் சொன்னேன். நாகர்கோவில்காரி, எதற்கும் பதறாதவள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சார், எங்க சித்தி மகளுக்கு மிரியான்னு பேர் வச்சிருக்கு” என்றாள்.

ஒரு திருத்தம் தயாரித்துப் போயிருந்தேன். இரண்டாவது குழந்தை பக்கத்து அறையில் தோழி பெற்றது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாயசைவும் சரியாக வருகிறது. ஷெரினுக்கு முழுப்படத்தைப் பார்க்க அனுமதி உண்டு. பார்த்துவிட்டு வந்து, பக்கத்து அறை என்று ஒன்று இல்லை, படகில் பிரசவம் என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

வெளிநாட்டுத் தலைமையகத்தோடு இணையக் கூட்டம். எதிரே ஒரு சாந்தமான மனிதர். நானும் ஷெரினும் அப்பா பக்கம் நீலம், அம்மா பக்கம் சிவப்பு என்று வரைபடம் போட்டு நாற்பது நிமிடம் விளக்கினோம். அவர் குறிப்பெடுத்துக்கொண்டார். கடைசியில், தான் புரிந்துகொண்டது சரிதானா என்று கேட்டார்: ஆறு பருவங்களில் தமிழர்களுக்கு இந்தத் திருமணத்தில் ஆட்சேபம் இல்லை. இப்போதும் அதே பெண், அதே பையன். ஆனால் இப்போது ஆட்சேபம் உண்டு.

ஆமாம் என்றேன்.

பையன் ஏதாவது தவறு செய்துவிட்டானா என்று கேட்டார். இல்லை என்றேன். பெண்? அவளும் இல்லை. அப்படியானால் மாறியது என்ன என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மூலத்தில் உள்ளபடியே எழுத வேண்டும் என்று மாலையில் உத்தரவு வந்தது.

ஜூலை 13, ஞாயிறு

ரேஷன் கடை. மின்விசிறிக்குக் கண்டென்சர் மாற்றினேன். சிந்துஜா தன் போன் முகப்புப் படத்தை மாற்றியிருக்கிறாள். பகுதி பற்றிய கருத்துகளைப் பார்க்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

ஜூலை 25, வெள்ளி

மாலை ஆறுக்கு நான்காம் பகுதி வெளியானது. பூங்கொடியிடம் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தப்படி சொல்லக் கூடாது. ஆறு பருவங்களையும் இரண்டு தடவை பார்த்தவள். கேலன்–மிரியா கல்யாணப் பகுதியன்று பருப்புப் பாயசம் வைத்தவள்.

படகு ஆடியது. மருத்துவச்சி இரண்டாவது குழந்தையைத் தூக்கினாள். ராணி ‘ஓர்வின்’ என்றாள். பூங்கொடி கையில் ரிமோட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், ஏற்கெனவே ஊற வைத்திருந்த அரிசியோடு இன்னும் இரண்டு படி போட்டு ஊற வைத்தாள். நாங்கள் இருவர்தான் வீட்டில்.

ஜூலை 26, சனி

தமிழ்ப் பார்வையாளர்களின் எதிர்வினைகளை வகை பிரித்து அறிக்கை தர வேண்டுமாம். அதிர்ச்சி, கோபம், ஏமாற்றம், பிற என்று நான்கு கட்டங்கள் அனுப்பியிருந்தார்கள். நண்பகலுக்குள் அதிர்ச்சி நிரம்பி இரண்டாவது தாள் சேர்த்தேன். மற்ற மூன்றும் காலி.

உலகம் முழுவதும் அதிர்ச்சிதான். ஆனால் மற்றவர்கள் அதே பகுதியில் செத்துப்போன கடற்பருந்துக்காக அதிர்ந்தார்கள். அந்தப் பருந்தைப் பற்றித் தமிழில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஈரோட்டில் ஒரு தம்பதி கேலன்–மிரியா உடையில் எடுத்த வரவேற்புப் படத்தைக் கூடத்துச் சுவரிலிருந்து கழற்றும் காணொளியை வெளியிட்டிருக்கிறார்கள். பின்னணியில் ஒப்பாரி. மதுரையில் ஒருவர் மூன்று மணி நேரமாக வாயைத் திறக்காமல் நேரலையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை அறுபதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திருநெல்வேலியில் ஒரு வீட்டில் மகனுக்குக் கேலன் என்றும் மகளுக்கு மிரியா என்றும் பெயர் வைத்துவிட்டு ஆறு வருடமாகக் கேலி வாங்கியிருக்கிறார்கள். இந்தக் காட்சியால் நிம்மதி அடைந்த ஒரே குடும்பம் அது.

தமிழ் வசனம் எழுதியவன் யார் என்றும் தேடுகிறார்கள். போலந்துக்காரரைக் கண்டுபிடித்துத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

இரண்டாம் நாளாக இட்லி. பூங்கொடி இன்றுதான் பேசினாள். தட்டை வைத்துவிட்டுப் போகாமல் எதிரே உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, இத்தனை வருசமா புருசன் பொண்டாட்டியாப் பாத்தாச்சு. அந்தப் புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப அவன் பக்கத்துல உக்காந்திருந்ததைப் பாத்தாச்சு. இப்ப வந்து அண்ணன் தங்கச்சின்னா, பாத்த கண்ண என்னுங்க பண்றது?”

கதைதானே என்றேன்.

“நானும் கதையத்தானுங்க சொல்றேன்” என்றாள்.

நான் சட்னி கேட்டேன். போட்டாள். ஆகஸ்ட் 4 ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகவும், சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும், அதில் தான் ஒருத்தி என்றும் சொன்னாள். எத்தனை டிக்கெட் என்று நான் கேட்கவில்லை. ஒன்று என்று அவளே சொன்னாள்.

ஜூலை 29, செவ்வாய்

அறிக்கை சிக்கலாகிவிட்டது. மூன்று நாள் அதிர்ந்த மக்கள் நான்காம் நாள் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். கேலனையும் மிரியாவையும் வெறுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ராணியை வெறுக்கிறார்கள். மருத்துவச்சி இடது பக்கம் பார்த்தாள், அங்கே இன்னொருத்தி இருந்திருக்கிறாள், குழந்தை மாற்றப்பட்டது என்று படம் வரைந்து அம்புக்குறி போடுகிறார்கள். மூலத்தில் முதலிலிருந்தே அப்பாவின் தம்பிதான், தமிழில்தான் தப்பு என்று ஒருவர் ஆதாரத்தோடு எழுதினார். தமிழில் சொன்னதுதான் சரி, மூலம் திருத்திக்கொள்ளட்டும் என்று அவருக்கு நாலாயிரம் பதில்கள். எட்டு ஆண்டுகளில் என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே ஆதரவு.

சேலத்திலிருந்து ஒரு பெண் எழுதியது: ‘முறை தெரியறதுக்கு முன்னாடியே மனசு போயிருச்சு. இனி முறையை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ண?’

இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. ‘அதிர்ச்சி’யிலும் ‘பிற’விலும் இரண்டு முறை எழுதியிருப்பதாக ஷெரின் சுட்டிக்காட்டினாள். கவனக்குறைவு.

ஜூலை 31, வியாழன்

தாளின் பின்பக்கத்தில் ஒரு திருத்தம் எழுதிப் பார்த்தேன். பிரகதீஷின் தாத்தா பெற்ற பிள்ளையாக இல்லாமல், வேறு குலத்திலிருந்து எடுத்து வளர்த்த பிள்ளையாக இருந்துவிட்டால் பங்காளி உறவு அறுந்துவிடும். தாத்தா இறந்து முப்பது வருடம் ஆகிறது. வாயசைவுப் பிரச்சினை இல்லை. படகும் இல்லை. ஊரில் இரண்டு பேர் ஆமாம் என்று சொன்னால் போதும். அந்த இரண்டு பேரை நான் பார்த்துக்கொள்வேன். நல்ல திருத்தம் என்றே நினைத்தேன்.

சிந்துஜாவுக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணியில் எடுத்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பிறகு தாத்தாவை விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அவரோட தாத்தனை மாத்திப்போட்டு நான் கல்யாணம் பண்ணிக்க வேண்டாமுங்கப்பா. நீங்க வாரதுன்னா எங்களுக்காக வாங்க. இல்லைன்னா வர வேண்டாம்.”

எழுதும்போது இந்த இடத்தில் நாங்கள் புள்ளிகள் வைப்போம். அவள்தான் முதலில், “வெக்கட்டுங்களா?” என்றாள்.

நான் எழுதிய திருத்தங்களில் நான் சொல்வதைக் கேட்காமலே நிராகரித்தவை நிறைய. முழுக்கக் கேட்டு நிராகரித்தது இதுதான் முதல்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஐந்தாம் பகுதி. நான் பார்க்கவில்லை. பூங்கொடியும் பார்க்கவில்லை. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பூங்கொடி காலை ரயிலுக்குக் கிளம்பினாள். நிலையத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். ஜன்னல் வழியாக, மாவு இரண்டு நாளைக்கு வரும் என்றாள்.

மதியம் ஷெரின் கூப்பிட்டாள். தலைமையகம் இறங்கி வந்துவிட்டது. வசனத்தை மாற்ற முடியாது, ஆனால் தமிழில் மட்டும் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஓர் அறிவிப்பு அட்டை போடச் சம்மதம். நாலு வரி, யார் மனதையும் புண்படுத்தாமல், நான்கு மணிக்குள் வேண்டும் என்றாள்.

மூன்று வரியில் முடித்தேன்:

‘இத்தொடரில் வரும் உறவுமுறைகள் அனைத்தும் கற்பனையே. கதை மாந்தர் ஒருவருக்கொருவர் என்ன ஆக வேண்டும் என்பது எழுதுபவரின் தீர்மானம். எவரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை.’

அனுப்பும் முன் வழக்கம்போல வாய்விட்டு வாசித்தேன். வீட்டில் யாரும் இல்லாததால் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. ஒரு பிழையும் இல்லை. இருந்தும் அனுப்புவதற்கு நான்கரை ஆகிவிட்டது. இப்படி நான் தாமதித்ததே இல்லை என்று ஷெரின் சொன்னாள்.

மாலையில் பார்த்தால் பூங்கொடியின் ஆதார் அட்டை தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருக்கிறது. அட்டை, பத்திரம் எல்லாவற்றையும் பீரோவில் பூட்டி, பூட்டியதை இருமுறை இழுத்துப் பார்ப்பவள். சாட்சிக்கு அசல் அட்டை வேண்டும். போன் செய்தேன். அடடா, மறந்துட்டனுங்க, கொரியரில் போட்டுவிடுங்கள் என்றாள். குரலில் பதற்றமே இல்லை.

கொரியர் கடைக்குப் போனேன். நாளை கொடுத்தால் புதன் பகலுக்குள் சேரும் என்றார்கள். பகல் என்றால் எத்தனை மணி என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஒரு மூன்றாம் மனிதரை நம்பி அசல் ஆவணத்தைக் கொடுப்பது சரியல்ல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரயில். ஆவணத்தைச் சேர்ப்பதற்காக மட்டும் போகிறேன். என்னுடைய அட்டையையும் எடுத்துக்கொண்டேன். டிக்கெட் பரிசோதகர் கேட்பார். கேட்கவில்லை.

எதிர் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை கேலன்–மிரியாவுக்காக வழக்காடிக்கொண்டு வந்தார்கள். ராணியைச் சிறையில் போட வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருத்தி திடீரென்று என்னைப் பார்த்து, “நீங்களே சொல்லுங்க அங்கிள், இவ்வளவு நாள் கழிச்சு யாராச்சும் பிரிப்பாங்களா?” என்று கேட்டாள். நான் தொடர் பார்ப்பதில்லை என்றேன். அது உண்மை. அந்தப் படகுப் பகுதியைத் தவிர எனக்கு வாய்கள் மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட் 6, புதன்

பத்து மணிக்குப் பதிவாளர் அலுவலகம். ஆடி என்பதால் அவள் சொன்னபடி காலிதான். வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். சிந்துஜா அரக்குப் புடவை. என்னைப் பார்த்ததும் நடந்து வந்தாள். பாதி வழியில் கொஞ்சம் வேகமாக வந்தாள். அம்மாவின் அட்டையைக் கொண்டுவந்தேன் என்றேன். சரிங்கப்பா என்று வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையை விடவில்லை.

அந்தப் பையனை முதல் தடவையாக முழு முகமாகப் பார்த்தேன். பெரிய மூக்கு. பயணம் வசதியாக இருந்ததா, காபி சாப்பிடலாமா, வெயிலில் நிற்க வேண்டாமே என்றெல்லாம் கேட்டான். அரை மணி நேரத்தில் ஒரு முறைகூட என்னை எப்படி அழைப்பது என்கிற இடத்துக்கு வராமல் வாக்கியங்களை அமைத்தான். தொழில் தெரிந்தவனுக்குத்தான் அதன் சிரமம் தெரியும்.

அவன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. சாட்சியாக வருவதாக ஒப்புக்கொண்டிருந்த அவனுடைய அத்தை, பத்தேகாலுக்குப் போன் செய்து, வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அழுதிருக்கிறார். பூங்கொடி ஒன்று, சிந்துஜாவின் தோழி ஒன்று. ஒரு கை குறைந்தது. அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுப்பதும் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உள்ளே வைப்பதுமாக இருந்தான். சிந்துஜா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக அறிவிப்புப் பலகையில் யாரோ இருவரின் திருமண அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி மட்டும் என் சட்டைப் பையைப் பார்த்தாள். அதில் என் அட்டை வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். பெரிய பதிவேடு. மூன்றாவது சாட்சி யார் என்று தலை நிமிராமல் கேட்டார். நான் அட்டையை மேசைமேல் வைத்தேன்.

அதை வாங்கிப் பெயரை எழுதினார். விலாசம் எழுதினார்.

“பொண்ணுக்கு என்ன வேணும்?”

“அப்பா.”

“பையனுக்கு?”

என் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. வெளியிலிருந்து பார்த்த யாருக்கும் அது எந்தச் சொல்லோடும் பொருந்தியிருக்காது.

“மாமனாருங்க” என்றேன்.

அந்த அம்மாளுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனா முனையால் காட்டினார்.